சி.டி.யில் ரத்தக்கட்டு இல்லை என்று வந்த பிறகு இன்னொரு ஸ்கேன் எதற்கு?

கரூர் மாவட்டத்திலிருந்து 43 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்றரை வருடமாக அவருக்கு மூச்சு வாங்குகிறது. அவருடைய வகுப்பு இரண்டாவது மாடியில். "முதல் மாடி திரும்பும் இடத்தில் நின்று, போன் வந்த மாதிரி கையில் எடுத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகும்வரை அப்படியே நிற்பேன்" என்று எழுதுகிறார். முதலில் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஆஸ்துமாவாக இருக்கும் என்று இன்ஹேலர். இரண்டாலும் பலனில்லை. ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கண் இருட்டி விழுந்த பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். ‘நுரையீரல் ரத்த அழுத்தம் மிக அதிகம், ஆர்.வி.எஸ்.பி. 72’ என்று வந்தது. ஆர்.வி.எஸ்.பி. என்பது இதயத்தின் வலது கீழறையில் ஏறும் உச்ச அழுத்தம். உடனே சி.டி. ஆஞ்சியோ. அதன் ரிப்போர்ட்: ‘புதிய ரத்தக்கட்டு இல்லை. நுரையீரல் பெருந்தமனி 34 மி.மீ. இரண்டு நுரையீரலிலும் மொசைக் தோற்றம். சிறு மூச்சுக்குழாய் நோயாக இருக்கலாம்.’

சில்டெனாஃபில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் கொழுந்தனார், "அண்ணி, இது ஆம்பளைங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று சொல்ல, பத்து நாளில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். இப்போது பார்க்கும் நுரையீரல் மருத்துவர், பெரிய ஊருக்குப் போய் வி.க்யூ. ஸ்கேன் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெல்லாம் போகின்றன என்று பார்ப்பது) எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு இதயத்தின் வலது பக்கத்துக்குக் கதீட்டர் சோதனை என்கிறார். வீட்டில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை.

கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லும்போது, இதையும் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்திருக்கிறார். அப்போது கெண்டைக்கால் வீங்கியது. கட்டு இறுக்கம் என்று விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். சில வாரம் கழித்து, மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், சளியில் ரத்தக் கீற்று. நிமோனியா என்று சொல்லி ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது.

அவர் கேட்பவை: பி.பி. எப்போதும் 120/80 இருக்கும்போது நுரையீரலில் மட்டும் எப்படி அழுத்தம்? சி.டி.யில் ரத்தக்கட்டு இல்லை என்று வந்துவிட்டதே, மறுபடியும் ஸ்கேன் எதற்கு, காசு பிடுங்கவா? அணுக்கதிர் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் பத்து வயது மகளைப் பக்கத்தில் விடலாமா? கதீட்டர் இல்லாமல் மாத்திரையிலேயே ஓட்டிவிட முடியாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகளுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த வி.க்யூ. ஸ்கேனைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கு வரிகளை நான் மூன்று முறை படித்தேன். அசையாமல் கிடந்த கால், வீங்கிய கெண்டைக்கால், ஹார்மோன் மாத்திரை, ரத்தம் கலந்த சளியோடு வந்த ‘நிமோனியா’. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும் எந்த நுரையீரல் மருத்துவருக்கும் ஒரு சந்தேகம் வரும். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். அதில் ஒரு பகுதி கரையாமல் தழும்பாகித் தமனியின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது சந்தேகம்தான், முடிவு இல்லை. ஆனால் உங்கள் நோய்க்கு இருக்கக்கூடிய காரணங்களில் அறுவை சிகிச்சையால் ஏறக்குறைய முழுதாகச் சரிசெய்யும் வாய்ப்புள்ளது இது. அதைப் பார்க்காமல் மாத்திரையில் காலம் தள்ளுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கையில் அளக்கும் பி.பி.யும் நுரையீரல் அழுத்தமும்

கையில் பட்டையைச் சுற்றி அளப்பது இதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் அழுத்தம். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும் பாதை தனி. அங்கே அழுத்தம் இயல்பாகவே மிகக் குறைவு. ஓய்வில் சராசரி 14 அளவில்தான் இருக்கும். முன்பு 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்றோம். 2018-இல் நடந்த உலக மாநாட்டில் அந்த எல்லையை 20-க்கு மேல் என்று குறைக்கப் பரிந்துரைத்தார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஆக, உங்கள் 120/80 உண்மை. நுரையீரல் அழுத்தமும் உண்மையாக இருக்கலாம். ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது. உப்பைக் குறைத்து, பி.பி. மாத்திரை போட்டால் இது இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த 72-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்கோ அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. வலது பக்க வால்வு வழியாக ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதுவும் இதயம் சுருங்கும்போது ஏறும் உச்ச அழுத்தத்தை. மேலே சொன்ன 20 என்ற எல்லை சராசரிக்கு. அதனால் 72-ஐயும் 20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘மூன்றரை மடங்கு’ என்று பயப்படாதீர்கள். நிஜ அளவு பத்து, பதினைந்து கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் 72 என்பது அலட்சியப்படுத்தும் எண் இல்லை. நீங்கள் மயங்கி விழுந்ததோடு சேர்த்துப் பார்த்தால், ‘அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் விஷயமும் இல்லை.

எக்கோவுக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. நுரையீரல் அழுத்தம் ஏறுவதற்கு உலகெங்கும் முதல் காரணம் இதயத்தின் இடது பக்கக் கோளாறுதான். நம் ஊரில் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய பெண்கள் இன்னும் வருகிறார்கள். பிறவியிலேயே இதய மேலறைகளுக்கு நடுவில் ஓட்டை இருந்து, நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் வால்வுகளைப் பற்றியும் இடது கீழறையைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ‘இடது பக்கம் இயல்பு, ஓட்டை இல்லை’ என்று தெளிவாக இல்லாவிட்டால் எக்கோவை அனுபவமுள்ள ஒருவரிடம் இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சி.டி. ரிப்போர்ட்டை மறுபடி படித்தால்

‘காசு பிடுங்கவா?’ என்ற உங்கள் கேள்வி நியாயமானது. தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. எந்தச் சோதனை எழுதினாலும் ‘இதன் முடிவால் என் சிகிச்சை எப்படி மாறும்?’ என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. உங்களுக்கு எழுதப்பட்ட இந்த ஸ்கேனுக்கு அந்தக் கேள்வியைப் போட்டால் கிடைக்கும் பதில்: அடியோடு மாறும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தை ‘புதிய ரத்தக்கட்டு இல்லை’ என்பது. புதிதாக வந்த கட்டு சி.டி.யில் பளிச்சென்று தெரியும். தமனியில் பாயும் வெள்ளை மருந்துக்கு நடுவே கறுப்பாகக் கிடக்கும். பழைய கட்டு அப்படியிருக்காது. சுவரோடு சுவராகத் தடித்துக் கிடக்கும், அல்லது சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகளாகக் குறுக்கே ஓடும், அல்லது ஒரு கிளை நடுவழியில் குறுகி நின்றுபோயிருக்கும். தேடிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அவை படும். சி.டி. கேட்டு எழுதிய சீட்டில் ‘புதிய ரத்தக்கட்டு உண்டா?’ என்று மட்டும் இருந்தால், அந்தக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. நுரையீரல் அழுத்தம் உள்ள 227 பேருக்கு இரண்டு ஸ்கேனையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பழைய ரத்தக்கட்டு இருந்தவர்களில் சி.டி. பிடித்தது ஏறக்குறையப் பாதிப் பேரை, வி.க்யூ. பிடித்தது நூற்றுக்கு 96 பேருக்கும் மேல். அதற்குப் பிறகு சி.டி. எந்திரங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. இந்த நோயிலேயே ஊறிய மையங்களில் சி.டி.யும் இப்போது நன்றாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால் உங்கள் ரிப்போர்ட் அப்படிப்பட்ட மையத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. காரணம் தெரியாத நுரையீரல் அழுத்தம் உள்ளவர்களுக்கு வி.க்யூ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் 2022-இன் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. இது உங்கள் மருத்துவர் சொந்தமாகக் கண்டுபிடித்த செலவு இல்லை.

இரண்டும் வேறு வேறு கேள்வி கேட்கும் சோதனைகள். ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சி.டி. வாய்க்காலைப் பார்க்கிறது: எங்கே அடைப்பு, எங்கே கரை இடிந்திருக்கிறது என்று. வி.க்யூ. வயலைப் பார்க்கிறது: கடைமடை வரை தண்ணீர் ஏறியிருக்கிறதா, எந்த வயல் காய்ந்து கிடக்கிறது என்று. வாய்க்காலில் அடைப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காய்ந்த வயல் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் ரிப்போர்ட்டிலேயே இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று, நுரையீரல் பெருந்தமனி 34 மி.மீ. பெண்களுக்குப் பொதுவாக 27 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். அழுத்தம் நாள்பட்டது என்பதற்கு இது ஓர் அடையாளம். ரிப்போர்ட் எழுதியவர் அளந்திருக்கிறார், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதவில்லை. இன்னொன்று அந்த ‘மொசைக் தோற்றம்’. நுரையீரலில் சில இடம் வெளுத்தும் சில இடம் கறுத்தும் திட்டுத் திட்டாகத் தெரிவதை அப்படிச் சொல்வார்கள். ஆஸ்துமா மாதிரி நோயில் காற்று சிக்கிக்கொள்வதாலும் இது வரும். ரத்தம் சீராகப் போகாததாலும் வரும். ரத்தம் போகாத காரணம் என்றால் கறுத்த இடங்களில் ரத்தக்குழாய் மெலிந்தும், வெளுத்த இடங்களில் தடித்தும் இருக்கும். மூச்சை முழுதாக வெளியே விட்ட நிலையில் சில படங்கள் எடுத்திருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்னும் சுலபம். இன்ஹேலர் உங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், ‘சிறு மூச்சுக்குழாய் நோய்’ என்ற ஊகத்தில் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

பணம் கொடுத்து எடுத்த அந்த சி.டி. வீண் போகவில்லை. அதையே இன்னொரு ரேடியாலஜி மருத்துவர் ‘பழைய ரத்தக்கட்டு உண்டா, வலது கீழறை இடது கீழறையைவிட வீங்கியிருக்கிறதா, நடுச்சுவர் தட்டையாகியிருக்கிறதா’ என்ற கேள்விகளோடு மறுபடி படிக்கலாம். அதற்குப் பெரிய கவரில் தரும் ஃபிலிம் போதாது. அதில் நூற்றுக்கணக்கான படங்களில் தேர்ந்தெடுத்த சிலதுதான் அச்சாகியிருக்கும். முழுப் படங்களும் உள்ள குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் அறைக்குள் என்ன நடக்கும்

வி.க்யூ. ஸ்கேன் எடுப்பது நியூக்ளியர் மெடிசின் துறையில். எல்லா ஊரிலும் கிடையாது. இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். சாதாரணமாக வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கோ முந்தின நாளோ எடுத்த மார்பு எக்ஸ்ரே கேட்பார்கள்.

முதலில் வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, மிகக் குறைந்த கதிரியக்கம் கலந்த ஆவியைச் சில முறை உள்ளிழுக்கச் சொல்வார்கள். காற்று எங்கெல்லாம் போகிறது என்று படம் எடுப்பதற்கு அது. பிறகு மல்லாக்கப் படுத்தபடி கை நரம்பில் ஓர் ஊசி. அதில் இருப்பது டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிய புரதத் துகள்கள். அவை ரத்தத்தோடு போய் நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களில் சற்று நேரம் தங்கும். ரத்தம் போகாத இடத்துக்கு அவையும் போகாது. கேமரா உங்களைச் சுற்றி வந்து படம் எடுக்கும். எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின்னாக ஆகலாம். வலி என்றால் அந்த ஊசி குத்தும் வலிதான். சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்து இதில் இல்லாததால் சிறுநீரகத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

காற்று நன்றாகப் போகிறது, ஆனால் ரத்தம் போகவில்லை என்று ஆப்பு வடிவத்தில் பல இடங்கள் தெரிந்தால், பழைய ரத்தக்கட்டுச் சந்தேகம் வலுக்கும். காற்றும் இல்லை, ரத்தமும் இல்லை என்றால் காசநோய்த் தழும்பு போல நுரையீரலிலேயே பழுது இருக்கலாம். இரண்டும் சீராகப் போனால் ரத்தக்கட்டைக் காரணங்களின் பட்டியலிலிருந்து நம்பிக்கையோடு அடித்துவிட்டு அடுத்ததைத் தேடலாம். அதனால்தான் இந்த ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் பணம் வீணில்லை என்கிறேன். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரத்தம் போகாத இடம் தெரிந்தால் உடனே ரத்தக்கட்டு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. தமனிச் சுவரே வீங்கும் டகயாசு நோய் நம் நாட்டுப் பெண்களிடம் காணப்படுவது. அதுவும் இதே படத்தைக் காட்டும். அந்த நோயில் கைக்குக் கை பி.பி. மாறலாம். உங்களுக்கு இரண்டு கையிலும் பி.பி. பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை நீங்களே கேளுங்கள்.

பதிவு செய்யும்போதும் ஊசி போடும் முன்பும் மறக்காமல் சொல்ல வேண்டியது: ‘எனக்கு நுரையீரல் அழுத்தம் 72 என்று எக்கோ சொல்கிறது.’ அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு அந்தத் துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் போடுவது வழக்கம். சீட்டில் எழுதியிருக்கும் என்று இருந்துவிடாமல் வாயாலும் சொல்லுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றி. வி.க்யூ.வில் உடம்புக்குக் கிடைக்கும் அளவு ஏறக்குறைய 2 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக வருடத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. நீங்கள் ஏற்கெனவே எடுத்த சி.டி. ஆஞ்சியோவில், குறிப்பாக மார்பகங்களுக்கு, இதைவிட அதிகம் போயிருக்கும். டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் காலையில் மிச்சம் சொற்பம். மகளைத் தாராளமாகப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம், தலை பின்னிவிடலாம். மனம் கேட்கவில்லை என்றால் அன்று ஒரு மாலை மட்டும் தள்ளி இருங்கள். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், அது போதும். இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கு: கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருந்தால் அதையும், பாலூட்டுகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பதைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

கதீட்டர், மாத்திரை, அறுவை சிகிச்சை

ஸ்கேன்கள் காரணத்தைத் தேடித் தரும். அழுத்தம் நிஜமாக எவ்வளவு, கோளாறு இதயத்தின் இடது பக்கத்தில் இருக்கிறதா நுரையீரல் தமனியில் இருக்கிறதா என்று உறுதி செய்வது வலது இதயக் கதீட்டர் சோதனைதான். கழுத்திலோ தொடையிலோ கையிலோ உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு நேரடியாக அளப்பார்கள். மாரடைப்புக்குச் செய்யும் ஆஞ்சியோ மாதிரி தமனி வழியாகப் போவதில்லை. அனுபவமுள்ள மையங்களில் 7,000-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க சிக்கல் வந்தது நூற்றுக்கு ஒருவருக்கு. உயிரிழப்பு பத்தாயிரத்தில் ஐந்தாறு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் செய்யாமல் வாழ்நாள் மருந்தையோ பெரிய அறுவை சிகிச்சையையோ தொடங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. எங்கே செய்கிறார்கள், அடிக்கடி செய்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில்டெனாஃபிலைப் பற்றிக் கொழுந்தனார் சொன்னது அரைகுறை உண்மை. அந்த மருந்து ஆண்களின் பிரச்சினைக்குக் கொடுக்கப்படுவதுதான். ஆனால் நுரையீரல் தமனியைத் தளர்த்துவதால் இந்த நோய்க்கும் 2005 முதல் அனுமதி பெற்ற மருந்து, பெண்களும் சாப்பிடுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் ஆட்சேபம் வேறு. இந்த மருந்து எல்லா வகை நுரையீரல் அழுத்தத்துக்கும் பொருந்தாது. காரணம் இதயத்தின் இடது பக்கம் என்றால் உதவாது, கெடுதலும் செய்யலாம். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரைகளோடு சேர்ந்தால் பி.பி. அபாயமாக இறங்கிவிடும். நிறுத்திவிட்டதைப் புது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் நிலைமை மாத்திரை சாப்பிடும்போதுள்ள நிலைமை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

பழைய ரத்தக்கட்டு என்று உறுதியானால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது. மார்பைத் திறந்து, உடலின் வெப்பத்தை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கி, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் முழுக்க நிறுத்தி, நுரையீரல் தமனியின் உள்சுவரில் படிந்த தழும்பை உரித்து எடுப்பார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ மையம் இதில் முன்னோடி, இந்தியாவிலும் செய்கிறார்கள். கேட்டாலே பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. பிழைத்தவர்களில் பலர் மாடிப்படி ஏறுகிறார்கள், வேலைக்குத் திரும்புகிறார்கள். தழும்பு எட்டாத தூரத்தில் சின்னக் கிளைகளில் இருந்தால், பலூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை திறக்கும் முறை இருக்கிறது. அதை மெருகேற்றியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். ரியோசிகுவாட் என்ற மாத்திரையும் 2013 முதல் உண்டு. அதைச் சில்டெனாஃபிலோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இது கொழுந்தனாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ‘அறுவை சிகிச்சை முடியாது’ என்று இந்த அறுவை சிகிச்சையைச் செய்யாத இடத்தில் சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்யும் மையத்தில் ஒருமுறை காட்டிய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

எது செய்தாலும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுள் முழுவதும் தேவைப்படும். அதைக் குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் அடைப்பு கரையாமல் இருந்தால்தான் ‘நாள்பட்டது’ என்று இறுதியாகச் சொல்வோம். மாத்திரை ஆரம்பிக்கும் முன், ரத்தம் எளிதில் உறையும் தன்மை உண்டா என்று பார்க்கும் சோதனைகளுக்கு ரத்தம் எடுத்துவிடுவது நல்லது; ஆரம்பித்துவிட்டால் சிலவற்றின் முடிவு குழம்பும். உங்களுக்குக் கரு கலைந்தது உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பக் கலைந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டி பாஸ்போலிபிட் என்ற கோளாறு இருந்தால் நாங்கள் தேர்ந்தெடுக்கும் மாத்திரையே வேறு. ரத்தம் இளக்கும் மாத்திரையால் மாதவிலக்கில் உதிரப்போக்கு கூடும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள உங்களுக்கு அது முக்கியம். அதற்காக மருந்தை நிறுத்திவிடாமல், மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை இனி தொடாதீர்கள். கல்யாணம், கோயில், சுற்றுலா என்று வீட்டுக்கு வீடு சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மாவுக்கட்டில் கால் அசையாமல் கிடக்கும்போது, ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுவது இரட்டைச் சுமை. ‘நான்தான் வரவழைத்துக்கொண்டேன்’ என்று மனதைப் போட்டு வதைத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் எச்சரிக்கவில்லை. இதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

எக்கோ எடுத்த இடத்திலும் சி.டி. எடுத்த இடத்திலும், நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்ற இடத்திலும் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு வரை பாதுகாத்தும் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. தள்ளிப்போட்டால் அந்தப் பழைய எக்ஸ்ரே கிடைக்காமல் போகலாம்.

அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டிலோ முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ நீங்கள் இருந்தால், ஸ்கேனுக்கும் கதீட்டருக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று தேதி வாங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். பணத்துக்காக ஒன்றைத் தள்ள வேண்டிய நிலை வந்தால் வி.க்யூ.வைத் தள்ளாதீர்கள். கதீட்டர் எப்படியும் பெரிய மையத்தில் செய்ய வேண்டியது. ஸ்கேன் முடிவைப் பொறுத்து எந்த மையம் என்பதே மாறும்.

தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றைக் கொடுத்து வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் மூச்சு வாங்குவதை மறைக்க நீங்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் இது உடம்பை உறுதியாக்கும் பயிற்சி இல்லை. உங்கள் இதயத்தின் வலது பக்கத்துக்கு அந்த இரண்டு மாடியும் சுமைதான். சிகிச்சை முடிவாகும் வரை கர்ப்பம் வேண்டாம். இந்த நோயில் அது தாயின் உயிருக்கே ஆபத்து. கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் வேண்டாம். வேறு வழிகளை மகப்பேறு மருத்துவர் சொல்வார்.

மறுபடி மயக்கம் வந்தால், சளியில் ரத்தம் தெரிந்தால், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், இரண்டு காலும் வயிறும் உப்பிக்கொண்டே போனால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் சொன்னால் நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். எக்கோ ரிப்போர்ட்டை முதலில் நீட்டி, இரண்டு வருடத்துக்கு முந்தைய மாவுக்கட்டையும் கால் வீக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.